ஸ்மார்ட் பல்ப் வாங்கினால் முதலில் சுவிட்சைக் கவனியுங்கள்

எங்கள் வீட்டில் இப்போது 11 ஸ்மார்ட் பல்புகள். இரண்டு வருடமாக இவற்றோடு குடித்தனம் நடத்துகிறேன். வாங்குவதற்கு முன்னால் லுமென் (வெளிச்சத்தின் அளவு), நிறம், ஆப் என்று விழுந்து விழுந்து படித்தேன். வாங்கிய பிறகு உயிரை எடுத்தது இவை எதுவுமே இல்லை, சுவரில் இருக்கிற பழைய சுவிட்ச்தான்.

விஷயம் இதுதான். பல்புக்குள் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது. போனிலிருந்து கட்டளை வருகிறதா என்று அது எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் சுவிட்சை அணைத்தால் வெளிச்சத்தோடு சேர்ந்து அந்த ரேடியோவும் போய்விடும். அப்புறம் ஆப்பில் எத்தனை தடவை தட்டினாலும் பல்ப் தொடர்பில் இல்லை என்றுதான் வரும். அதனால் சுவிட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்க வேண்டும். எங்கள் அம்மாவோ, அறையை விட்டு வெளியே வரும்போது கை தானாகச் சுவிட்சுக்குப் போகிற ஆள்.

முதலில் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன். மறுநாள் டேப்பைக் காணோம். "சுவத்துல என்னமோ ஒட்டியிருந்துச்சு, பிய்ச்சுப் போட்டேன்" என்றார். அடுத்த வாரம் இன்னும் மோசம். பல்ப் ஆப்பில் அணைந்திருக்கிறது, அம்மா சுவிட்சைப் போடுகிறார், எரியவில்லை. பொறுமை போய் டக் டக்கென்று ஐந்தாறு தடவை போட்டு அணைத்தார். பல்ப் விட்டு விட்டு மின்ன ஆரம்பித்துவிட்டது. பெரும்பாலான பல்புகளின் உடம்பில் பட்டன் எதுவும் கிடையாது. அதனால் சுவிட்சை வேகமாகப் பலமுறை போட்டு அணைப்பதையே ரீசெட் செய்யும் வழியாகப் பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன. சிலவற்றுக்கு மூன்று தடவை, சிலவற்றுக்கு ஐந்து. அம்மா தெரியாமலேயே ரீசெட் செய்துவிட்டார், பல்ப் எங்கள் வைஃபையையே மறந்துபோனது. நான் மறுபடி ஸ்டூல் போட்டு ஏறினேன்.

பிரச்சினை தீர்ந்தது வயர்லெஸ் பட்டனால். நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியில் ஓடும், சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் பல்ப் அல்லது ஹப்போடு (பல்புகளையும் போனையும் இணைக்கும் சின்னப் பெட்டி) ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அதைப் பழைய சுவிட்ச் இருந்த அதே உயரத்தில், அதற்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். பழைய சுவிட்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. கை பழகிய இடத்திலேயே பட்டன் இருந்ததால் யாருக்கும் நான் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. விருந்தாளிகள்கூட கேட்காமல் அழுத்துகிறார்கள். வீட்டில் போன் வைத்திருக்காத ஒருவர் இருட்டில் வந்து விளக்கைப் போட முடிய வேண்டும். அதற்கு வழி செய்யாமல் இரண்டாவது பல்ப் வாங்காதீர்கள்.

ஒரே சுவிட்சில் நாலைந்து பல்புகள் எரிகிற கூடம் போன்ற இடத்துக்கு ஸ்மார்ட் பல்பே வேண்டாம் என்பது என் கட்சி. அங்கே சாதாரண எல்இடி பல்புகளை விட்டுவிட்டு சுவிட்சை ஸ்மார்ட்டாக மாற்றுங்கள். கையாலும் போடலாம், போனாலும் போடலாம். பல ஸ்மார்ட் சுவிட்சுகளுக்குச் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், வர வேண்டும். பழைய வீடுகளில் அது பெரும்பாலும் விளக்குக்கு நேராகப் போயிருக்கும், பெட்டிக்கு வந்திருக்காது. வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் இருக்கும் இணைப்பில் ஸ்மார்ட் பல்பை மாட்டவே கூடாது. டிம்மர் மின்சார அலையை நறுக்கித்தான் ஒளியைக் குறைக்கிறது. பல்புக்குள் இருக்கிற சர்க்யூட்டுக்கு அது ஆகாது, மினுமினுக்கும், ரீங்காரம் போடும், சீக்கிரம் போய்விடும்.

சரி, மாட்டுவதற்கு வருவோம். பல பல்புகளின் கழுத்தில் ஒரு க்யூஆர் கோடு இருக்கும். மேட்டர் (வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்கான பொதுத் தரம்) முத்திரை உள்ள பல்பு என்றால் பக்கத்திலேயே 11 இலக்க எண்ணும் இருக்கும். மாட்டும் முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ரவுட்டர் மாறும்போதோ போன் மாறும்போதோ அந்தக் கோடு தேவைப்படலாம், அப்போது அது கூரையில் ஹோல்டருக்குள் ஒளிந்திருக்கும். நான் எடுக்கவில்லை. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் போன், வாயில் ஸ்க்ரூ டிரைவர் என்று நின்ற கோலத்தை இங்கே வர்ணிக்க விரும்பவில்லை.

முதல் தடவை இணைக்கும்போது பல்பை நேரே கூரையில் மாட்டாமல், ரவுட்டர் பக்கத்தில் ஒரு மேஜை விளக்கில் போட்டு இணையுங்கள். வைஃபையில் ஓடும் பல்புகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சில ஆப்கள் பல்பைத் தேடித் தேடிக் களைத்துவிடும். ரவுட்டரில் சிறிது நேரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு இணைத்தால் வேலை முடிந்தது, பிறகு போட்டுக்கொள்ளலாம். ரவுட்டரையே மாற்றுகிறீர்களா? புதியதிலும் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வையுங்கள். பல்புகள் ஆள் மாறியது தெரியாமல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நாலைந்து பல்பு வரைக்கும் வைஃபை போதும். அதற்கு மேல் போகிற எண்ணம் இருந்தால் வைஃபைக்குப் பதிலாக ஜிக்பீ என்ற வேறொரு வயர்லெஸ் முறையில் ஓடும் பல்புகளும் ஒரு ஹப்பும் நல்லது. ஜிக்பீயில் பெரும்பாலும் ஒவ்வொரு பல்பும் அடுத்த பல்புக்குச் செய்தியைக் கைமாற்றிவிடும், தூரத்து அறைக்கும் சிக்னல் போய்ச் சேரும். ஆனால் நடுவில் ஒரு பல்பைச் சுவிட்சில் அணைத்தால் அதற்கு அப்பால் இருப்பதும் தடுமாறலாம். மறுபடியும் அதே சுவிட்ச்!

பெயர் வைப்பது சின்ன வேலை மாதிரித் தெரியும். நான் 'படுக்கையறை 1', 'படுக்கையறை 2' என்று வைத்தேன். எது எது என்று இன்றுவரை எனக்கே தெரியாது. இப்போது பக்கத்தில் இருக்கும் பொருளின் பெயர்தான்: ஜன்னல், அலமாரி, கண்ணாடி. குரலில் சொல்லிப் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர் இருந்தால் அடுத்த அறையில் தூங்குகிறவர் முகத்தில் வெளிச்சம் அடிக்கும்.

அடுத்தது, மாட்டிய அன்றைக்கே தேடிப் பார்க்க வேண்டிய ஒரு செட்டிங். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. வீட்டில் இருந்த ஸ்மார்ட் பல்புகள் அத்தனையும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. அம்மா எழுந்து உட்கார்ந்து, "ஏண்டா, விடிஞ்சிருச்சா?" என்றார். கரண்ட் திரும்ப வரும்போது பல்ப் எப்படி இருக்க வேண்டும் என்று ஆப்பில் தேர்ந்தெடுக்கலாம்: எரிவது, அல்லது முன்பு இருந்த நிலைக்கே போவது. எல்லாவற்றையும் 'முன்பு இருந்த நிலை' என்று மாற்றிவிடத் தோன்றும், நானும் மாற்றினேன். அதில் ஒரு சிக்கல். பல்பை ஆப்பில் அணைத்திருந்தால், சுவரில் சுவிட்சை அணைத்துப் போட்டாலும் எரியாது. அவசரத்துக்கு வெளிச்சம் கிடைக்காது. இப்போது படுக்கையறை பல்புகள் மட்டும் முன்பு இருந்த நிலைக்குப் போகும், மற்றவை எரியும். சில மலிவான பல்புகளில் இந்த செட்டிங்கே கிடையாது. அவற்றைப் படுக்கையறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இன்டர்நெட் போனால் விளக்கு என்ன ஆகும் என்பதையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். ரவுட்டரை அணைக்காமல், அதற்கு வெளியிலிருந்து வரும் இணைய கேபிளை மட்டும் கழற்றிவிட்டு ஆப்பில் விளக்கைப் போடுங்கள். எரிந்தால் சரி. எரியாவிட்டால், பக்கத்து அறை விளக்கைப் போட எங்கோ இருக்கும் சர்வரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 2022 அக்டோபரில் வந்த மேட்டர் தரம் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்கிற மாதிரி அமைந்தது. இனி வாங்குவதாக இருந்தால் அந்த முத்திரையைப் பார்த்து வாங்கலாம்.

நிறம் பற்றிக் கேட்பீர்கள். 1.6 கோடி நிறம் என்று அட்டையில் போட்டிருந்தது. ஒரு வாரம் ஊதா, ஒரு வாரம் சிவப்பு, அதோடு சரி. நிஜமாகப் பயன்படுவது இரண்டு வெள்ளை: வேலை நேரத்துக்கு 4000 கெல்வின் (எண் கூடக் கூட வெள்ளை நீலப் பக்கம் போகும்), பொழுது சாய்ந்த பிறகு 2700 கெல்வின். பிந்தையது பழைய குண்டு பல்பின் மஞ்சள். தூங்கப் போகும் முன் நீலம் கலந்த வெளிச்சம் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலட்டோனின் சுரப்பைத் தாமதப்படுத்தும், அதனால் ராத்திரியில் 6500 பக்கம் போகாதீர்கள். நிறம் மாறாத, வெள்ளையை மட்டும் மாற்றுகிற பல்பே போதும், விலையும் குறைவு. தானாக எரிய வைக்கும்போது ஆறு மணி, ஆறரை என்று கடிகார நேரம் கொடுக்காமல் சூரிய அஸ்தமனத்தைக் கொடுங்கள், பருவம் மாறினாலும் கை வைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அஸ்தமனத்துக்கு 20 நிமிடம் முன்னால் என்று வைத்திருக்கிறேன்.

கரண்ட் செலவும் உண்டு. அணைந்திருக்கும்போதும் அந்த ரேடியோ சுமார் அரை வாட் இழுக்கும். நாள் முழுக்க அப்படியே இருந்தால் வருடத்துக்கு ஒரு பல்புக்கு 4.4 யூனிட். 9 வாட் பல்பைத் தினம் ஐந்து மணி நேரம் எரிப்பதற்கு ஆவது 16.4 யூனிட். அதாவது எரிவதில் கால் பங்குக்கும் மேல் சும்மா இருப்பதற்கே போகிறது. குளியலறை, ஸ்டோர் ரூம் போன்ற ஐந்து நிமிட இடங்களுக்கு நான் இதை மாட்டாததற்கு இதுவும் ஒரு காரணம். காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள்ளும் மாட்டவில்லை, சூடு உள்ளே தேங்கி எலக்ட்ரானிக்ஸைத் தின்றுவிடும்.

பல்பை யாருக்காவது கொடுக்கும்போதும், பழுதாகி எலக்ட்ரானிக் குப்பையில் போடும்போதும், முடிந்தால் முதலில் ரீசெட் செய்யுங்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் அதற்குள் தங்கியிருக்கக்கூடும். ரீசெட்டுக்கு எத்தனை தடவை என்று மறந்துபோனால் கம்பெனியின் கையேட்டைப் பாருங்கள். அல்லது எங்கள் அம்மா மாதிரி பொறுமை இழந்து தட்டினாலும் ஆகிவிடும்.