‘ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கோங்க’: ஆபீஸ் சீண்டலில் நாம் செய்யும் தவறுகள்

பெங்களூரில், ஒயிட்ஃபீல்டோ மான்யதா டெக் பார்க்கோ, தமிழ்ப் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் விஷயம் இது. அன்றைய வேலையை ஆளுக்கு ஆள் சொல்லும் காலை ஸ்டாண்டப் மீட்டிங்கில் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் இங்கிலீஷில் தடுமாறுகிறான். “நீ விடுப்பா, வேற யாராவது சொல்லுங்க” என்கிறார் டீமை நடத்தும் லீட். நாலு பேர் சிரிக்கிறார்கள். மறுநாளும் இதே கதை. கொஞ்ச நாளில் அவன் கேமராவையே போடுவதில்லை.

இதைக் கிண்டல் என்று தள்ளிவிடாதீர்கள். அவனும் லீடை அதே மாதிரி கிண்டல் செய்ய முடியுமா? முடியாதென்றால் அது சீண்டல். வேலையில் உள்ள பிழையைக் கறாராகச் சுட்டுவது வேறு, ஆளைத் திரும்பத் திரும்பச் சிறுமைப்படுத்துவது வேறு. ஸ்வீடன் 1993-லேயே இதற்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது.

நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும்தான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதற்கு உள் குழு இருக்க வேண்டும், பொதுவாக 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். “இது அந்தக் குழுவுக்கு வராது” என்று சொல்லி எச்ஆர் ஃபைலை மூடிவிடுவது பெரிய தவறு. மற்ற சீண்டல்களை நிறுவனத்தின் நடத்தை விதிகளின்படி விசாரிக்கலாமே!

எல்லாவற்றையும்விட மோசம், இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்வது. அப்ரைசல் எழுதப்போகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பையன் என்ன சொல்வான்? “பரவாயில்ல, ஒண்ணுமில்ல” என்றுதான் சொல்வான். மேனேஜரும் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதிக்கொள்வார். முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். விசாரணை முடியும்வரை அவனுடைய ரேட்டிங்கை வேறொருவர் போடட்டும். “அவர் இல்லன்னா ப்ராஜெக்ட் நின்னுடும்” என்பதற்காக லீடைக் காப்பாற்றினால், டீமில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும்: இங்கே டெலிவரி நன்றாக இருந்தால் யாரையும் மிதிக்கலாம்.

கனிவாகப் பேசுவதென்றால் பூசி மெழுகுவது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் சொன்ன முறை அதற்கு நேர்மாறு: நடந்தது, அதனால் வந்த உணர்வு, தேவை, கோரிக்கை என்று நேராகப் பேசுவது. “நீங்க ரொம்ப மோசம்” என்றால் சண்டைதான் வரும். “நேத்து அவன் பேசும்போது பாதியில நிறுத்துனீங்க. எனக்குச் சங்கடமா இருந்துச்சு. அவனோட அப்டேட் எனக்கு வேணும். நாளைக்கு அவன் முடிக்கிறவரைக்கும் பொறுக்கிறீங்களா?” இப்படிக் கேட்டால் மழுப்ப இடமில்லை. இதைப் பக்கத்து சீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும். அடிபட்டவனையே கேட்கச் சொல்வது நியாயமில்லை.

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டு மேஜையில் ஆறு பேர் தமிழில் சிரித்துக்கொண்டிருக்க, ஒடிசாவிலிருந்து வந்த பெண் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுகிறாள். தினமும் அப்படி நடந்தால் அதுவும் ஒதுக்குதல்தான்.

சீண்டலுக்கு ஆளானவர்கள் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் என அன்றன்றே சொந்த நோட்டில் எழுதுங்கள். தூக்கம் கெட்டு, ஞாயிறு மாலையே வயிற்றைப் பிசைகிறது என்றால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.