ஆபரேஷனுக்கு வந்தால் ஆபரேஷனுக்கு மட்டும் வாருங்கள்

லண்டனில் இருக்கும் நான் சென்னைக்குப் போய் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவள். தாங்களும் போகலாமா என்று என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் எந்த டாக்டர், எவ்வளவு ஆகும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டுக்கும் பதில் கிடைப்பது பெரிய விஷயமில்லை. லண்டனில் தனியாரிடம் இரைப்பையைச் சுருக்கப் பத்தாயிரம் பவுண்டு அளவில் ஆகும். அரசு மருத்துவத்தில் இலவசம்தான், ஆனால் காத்திருப்பு வருடக்கணக்கில் இழுக்கும். சென்னையில் சில லட்சம் ரூபாயில், குறித்த தேதியில் முடித்து அனுப்பிவிடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: டிஸ்சார்ஜ் ஆனபிறகு எங்கே தங்கப்போகிறீர்கள்? நீங்கள் வந்திருப்பது ஊரில் யார் யாருக்குத் தெரியும்?

மருத்துவமனை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோருக்குச் செய்வது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை நீளமான குழாய்போல ஆக்குவார்கள். பைபாஸில் சிறிய பை ஒன்றை உண்டாக்கி அதைக் குடலோடு இணைப்பார்கள். சர்க்கரையும் நெஞ்செரிச்சலும் அதிகம் உள்ளவர்களுக்குப் பைபாஸைச் சொல்வது வழக்கம். நம்மவர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே சர்க்கரை வந்துவிடுகிறது என்பதால், 2022இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்தையும் எடையையும் ஒப்பிடும் குறியீடு) 27.5 முதலே ஆபரேஷனை ஒரு வாய்ப்பாக முன்வைக்கவேண்டும் என்கிறது. முன்வைக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது, செய்தே ஆகவேண்டும் என்றில்லை. முதல் போன் காலிலேயே தேதி கொடுக்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் இந்த ஆபரேஷனுக்குப் படுத்த புதுச்சேரி இளைஞர் இறந்துபோனார். வயது 26. அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அதனால் டாக்டரின் பெயரை விசாரிப்பதோடு நிற்காமல், அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா என்றும் கேளுங்கள். சங்கடப்படாதீர்கள், கல்யாண மண்டபத்துக்கே ஜெனரேட்டர் உண்டா என்று கேட்கிற ஜனம்தானே நாம். பேக்கேஜ் என்று அவர்கள் சொல்லும் தொகையில் இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளரின் கார்ட்ரிட்ஜ் சேர்த்தியா, தையலில் கசிவு ஏற்பட்டு மறுபடி உள்ளே போகவேண்டி வந்தால் யார் செலவு, வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்குத் தனி ரேட்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண பயண இன்சூரன்ஸ் திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு உதவாது.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் விசா கவலை இல்லை. இல்லாதவர்கள் இ-மெடிக்கல் விசாவில் வாருங்கள், டூரிஸ்ட் விசாவில் வந்து ஆபரேஷன் என்று சொல்லாதீர்கள். துணைக்கு வரும் இருவருக்கு உதவியாளர் விசா கிடைக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் வரவேண்டாம். ஏன் என்று கீழே புரியும்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். ஆபரேஷனுக்கும் பத்திரப்பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் ஊருக்கு வருகிறாள் என்று தெரிந்தாலே போதும், சம்பந்தம் தானாக வந்துவிடும்.

என் ஆபரேஷன் முடிந்து, தெளிந்த ரசம், பருப்புத் தண்ணீர் என்று தொடங்கி மோர் வரைக்கும் முன்னேறியிருந்தேன். அண்ணன் போன் செய்தார். "வந்ததுதான் வந்தே பாப்பா, அந்த வீட்டுக் கையெழுத்தையும் போட்டுட்டுப் போயிடு. டோக்கன் போட்டாச்சு."

டெல்டாவில் உள்ள எங்கள் வீடு அப்பா வாங்கியது. உயில் கிடையாது. அப்பாவும் அம்மாவும் போனபின் அண்ணனும் நானும்தான் வாரிசு. என் பாதி உரிமையை விட்டுக்கொடுத்து அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது: அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் 1956 முதலே மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டில் 1989லேயே, அதுவரை திருமணமாகாத மகளுக்கும், நாடு முழுவதும் 2005இல் எல்லா மகள்களுக்கும் உரிமை வந்தது. தங்கைகளின் கையெழுத்துக்கு இத்தனை கிராக்கி வந்ததே அதனால்தான். கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் துணி மாற்றியதும் புண்ணுக்கு மருந்து போட்டதும் அண்ணி. நான் வீடியோ காலில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கில் பார்த்தால் பாதி வீடு ஒன்றுமே இல்லை. வயிற்றில் ஐந்து ஓட்டையோடு இருப்பவளை ஐந்து மணி நேரம் காரில் உட்காரவைத்து அதைக் கேட்டதுதான் எரிச்சல். முடியாது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பத்து மணிக்கு டோக்கன். முதல் தடை என் பெயர். வாரிசுச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியலோடு இருக்கிறேன், பாஸ்போர்ட்டிலும் ஓசிஐயிலும் கணவர் பெயரை வாலாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் வேண்டும் என்றார்கள். என்னைப் பெற்ற ஊரில், என்னைத் தூக்கி வளர்த்த பெரியப்பா பக்கத்தில் நிற்கும்போது, நான் நான்தான் என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கினோம். அடுத்தது பான் கார்டு. என்னிடம் இல்லை, பான் இல்லாதவர்கள் கொடுக்கும் படிவம் 60 போதும் என்று பத்திர எழுத்தர் சொன்னார். உள்ளே இருந்தவர் போதாது என்றார். பிறகு போதும் என்றார். இதற்குள் சர்வர் படுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கப் கொடுத்திருந்தார்கள், 30 மில்லி பிடிக்கும், இருமல் மருந்து மூடியைவிடக் கொஞ்சம் பெரிது. கால் மணிக்கு ஒரு கப் தண்ணீர், மடக்கென்று விழுங்காமல் உறிஞ்சிக் குடிக்கவேண்டும். காலையில் அதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தேன். அப்புறம் கழிப்பறை பூட்டியிருப்பதைப் பார்த்தேன். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறாராம். ஊரில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். கப்பைப் பைக்குள் போட்டேன். மற்றவர்கள் முறைவைத்து மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அத்தை மட்டும் போகாமல் என்னோடு இருந்தார், "ஒரு வாய் சாம்பார் சாதம் குழைச்சுத் தரட்டா" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டபடி. மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். என் கட்டைவிரல் ரேகையை மெஷின் எடுக்கவில்லை. துடைத்து வை, அழுத்தி வை, இந்தக் கை, அந்தக் கை. கடைசியில் பதிந்தது. எழுந்தபோது கண்ணைக் கட்டியது.

அன்று ராத்திரி ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் டிரிப் ஏற்றினார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வாரங்களில் ஆட்களைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் காரணங்களில் நீர்ச்சத்துக் குறைவு முன்வரிசையில் இருப்பது. பாட்டில் தீரும்வரை உட்கார்ந்திருந்தது அண்ணிதான், வேறு யார். வாந்தி எடுத்தேன் என்பதால் இளம் டாக்டர் ஒருவர் மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்றார். புதிதாகத் தைத்த இரைப்பைக்குள் அப்படிக் கண்மூடித்தனமாகக் குழாய் விடக்கூடாது. சென்னை டாக்டரைப் போனில் பிடித்ததால் தப்பித்தேன்.

ஆகவே, முதலாவது: டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் வாங்கிப் பையில் வையுங்கள். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, 24 மணி நேரமும் எடுக்கும் எண், மூக்குக் குழாயை எங்களைக் கேட்காமல் போடவேண்டாம், டிக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்து வேண்டாம், வாந்தி நீடித்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கவேண்டும். இவை அதில் இருக்கட்டும். நாடித்துடிப்பு வேகமாகி, காய்ச்சலோ வயிற்றுவலியோ இடது தோள்பட்டை வலியோ வந்தால் அது தையல் கசிவாக இருக்கலாம். டிரிப் ஏற்றிக்கொண்டு உட்காராமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போய்விடுங்கள்.

இரண்டாவது, பத்திரம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 38ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உடல்நலக் குறைவால் ஆபத்தோ பெரும் சிரமமோ இல்லாமல் அலுவலகத்துக்கு வரமுடியாதவர் நேரில் வரவேண்டியதில்லை, பதிவு அதிகாரி வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்க வழியிருக்கிறது. எங்கள் பத்திர எழுத்தர் இதைக் கையெழுத்தெல்லாம் முடிந்தபின், டீ குடித்துக்கொண்டே சொன்னார். இதைவிட நல்லது, லண்டனிலேயே இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று, ஊரில் ஒருவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் அனுப்பிவிடுவது. அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டிவிடவேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை மதிப்பில் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. பெயர் அஃபிடவிட்டை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். எதுவும் முடியாவிட்டால், ஆபரேஷனுக்கு வந்திருப்பதையே சொல்லாமல் இருந்துவிடுங்கள். கேவலமான யோசனைதான். ஆனால் வேலை செய்யும்.

சாப்பாட்டுக்கு உறவினர் வீடு சரிப்படாது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் சமையலறையுள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுங்கள். இரண்டு வாரம் திரவம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று நகரும். ஒரு வேளைக்குக் கால் டம்ளர் உள்ளே போனாலே அதிகம். அதில் புரதம் முதலில் போகவேண்டும்: தயிர், முட்டை வெள்ளை, பனீர், வேகவைத்த மீன். நாள் ஒன்றுக்கு 60 கிராம் புரதம் என்பது நம் இட்லி, இடியாப்பச் சமையலில் எட்டாத உயரம், புரோட்டீன் பவுடர் இல்லாமல் ஆகாது. பைபாஸ் செய்தவர்கள் அதிரசத்தையும் பொங்கலையும் மரியாதைக்காக வாயில் போட்டால் கால் மணி நேரத்தில் படபடப்பும் வியர்வையுமாகப் படுத்துவிடுவீர்கள். அத்தைகளிடம் "டாக்டர் திட்டுவார்" என்று சொல்லுங்கள், "எனக்கு வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

விமானம் பத்து மணி நேரத்துக்கு மேல். வயிற்று ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது பத்து நாள் பறக்கவேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. இந்த ஆபரேஷனில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல் என்பதால் நீண்ட பயணத்துக்குச் சில வாரங்கள் பொறுக்கச் சொல்லும் டாக்டர்களே அதிகம். திரும்பும் டிக்கெட்டை மாற்றக்கூடியதாக எடுங்கள். இறுக்கமான கால் உறை போட்டுக்கொள்ளுங்கள், நடைபாதை ஓரத்து இருக்கை எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி தந்திருந்தால் அதற்கான கடிதம் கைப்பையில் இருக்கட்டும். வீல்சேர் கேட்க வெட்கப்படாதீர்கள்.

லண்டன் திரும்பியதும் உங்கள் ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், டிஸ்சார்ஜ் அறிக்கையை நேரில் கொடுத்துக் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். லண்டனிலேயே அரசு மருத்துவத்தில் செய்துகொண்டவர்களுக்கு இரண்டு வருடம் சிறப்புப் பிரிவில் கண்காணிப்பு உண்டு. வெளியே செய்துகொண்டு வந்தவருக்கு அது தானாகக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க, அவற்றுக்கான ரத்தப் பரிசோதனை வருடாவருடம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் அளவைச் சீக்கிரமே குறைக்கவேண்டி வரும், அதனால் ஜிபியுடனான சந்திப்பை மட்டும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.