கண்ணீர் வந்தால் கதார்சிஸ் ஆகிவிடுமா? துன்பியல் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துன்பியல் நாடகம் நம்மை ஏன் உலுக்குகிறது என்று புதிதாக எழுத வருபவர்களிடம் ஒரே மாதிரித் தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெயர்ப்பிழை, ஆண்டுப்பிழை எல்லாம் தானே சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை.

கதார்சிஸ் என்றால் அழுது தீர்ப்பது

துன்பியல் நம்மிடம் நிகழ்த்துவதாகக் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் சொன்ன விளைவுக்குப் பெயர் கதார்சிஸ். பெரிய சேதம் அதை அழுகையாக்குவதால்தான். "அடக்கிவைத்த சோகம் அழுதால் வெளியேறும், அரிஸ்டாட்டில் சொன்னது அதுதான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் அப்படி விளக்கவே இல்லை. தம் 'கவிதையியல்' நூலின் 6ஆம் அத்தியாயத்தில், இரக்கம், அச்சம் வழியாகக் கதார்சிஸ் நிகழ்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தம் இன்னொரு படைப்பான 'அரசியல்' 8ஆம் நூலில், கவிதை பற்றிய நூலில் தெளிவாகச் சொல்வதாக வாக்குக் கொடுக்கிறார். நம் கைக்கு வந்த பிரதியில் அந்த விளக்கம் இல்லை. பேதி மருந்துபோல் உணர்ச்சி வெளியேறுகிறது என்ற வாசிப்பை 1857இல் ஜெர்மானிய அறிஞர் யாகோப் பெர்னாய்ஸ் வலுவாக முன்வைத்தார். தூய்மை என்றும் தெளிவு என்றும் கொள்பவர்கள் உண்டு. எந்தப் பொருளில் எடுக்கிறீர்கள், ஏன் என்று சொல்லாமல் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

அழுகைதான் குறி என்றால் எந்தச் சாவுச் செய்தியும் போதுமே, கதைப்பின்னல் எதற்கு? 'கவிதையியல்' 13ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். அப்பழுக்கற்றவன் வீழ்ந்தால் மனம் கசந்துபோகும். கொடியவன் வீழ்ந்தால் இரக்கமும் வராது, அச்சமும் வராது. தகாத துன்பம் என்று கணித்தால்தான் இரக்கம். நம்மைப் போன்றவன் என்று கண்டால்தான் அச்சம்.

சோஃபக்ளிஸின் ஈடிபஸ் நாடகத்தில் கொரிந்து நகரத் தூதன் வரும் காட்சி இதற்குச் சரியான பாடம். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற ஆரூடத்துக்கு அஞ்சிக் கொரிந்தை விட்டு வந்தவன் ஈடிபஸ். தாயைப் பற்றிய அந்தப் பயத்தைப் போக்கவே தூதன் வாய் திறக்கிறான்: உன்னை வளர்த்த மெரோப்பே உன்னைப் பெற்றவள் இல்லை. தானே அவனைப் பெற்றவள் என்பது மனைவி யொகாஸ்டாவுக்கு அப்போதே புரிந்துவிடுகிறது. மேலே விசாரிக்காதே என்று கெஞ்சுகிறாள். ஈடிபஸ் கேட்பதாயில்லை. நம் கண்முன் யாரும் சாகவில்லை, ஒரு துளி ரத்தம் இல்லை. நமக்கோ வயிறு கலங்குகிறது. எந்தக் காட்சியைப் பற்றி எழுதினாலும் மூன்றைக் கேளுங்கள்: பாத்திரத்துக்கு என்ன தெரியும், நமக்கு என்ன தெரியும், இந்தத் துன்பம் அவருக்குத் தகுமா?

இரண்டு புதிர்களை ஒன்றாக்குவது

துயரத்தைப் பார்ப்பதில் இன்பம் எப்படி வருகிறது என்பது தத்துவஞானி டேவிட் ஹ்யூம் 1757இல் எடுத்துக்கொண்ட கேள்வி. இல்லாத மனிதருக்காக எப்படி வருந்த முடியும் என்பது இன்னொரு தத்துவஞானி காலின் ராட்ஃபோர்ட் 1975இல் எழுப்பியது. முதலாவதற்கான விடை இரண்டாவதற்கு உதவாது.

"அந்த நேரத்துக்கு நிஜமென்று நம்பிவிடுகிறோம்"

இரண்டாவது புதிருக்கு இப்படி விடை சொல்கிறார்கள். மேடையில் நடப்பதை நிஜமென்று நம்பியிருந்தால் இருக்கையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஹமார்ஷியாவைக் குணக்கேடு என்பது

ஹமார்ஷியா என்பது நாயகனை வீழ்த்தும் பிழைக்கு அரிஸ்டாட்டில் தந்த சொல். கயமையால் அல்லாமல் ஒரு பெரும் பிழையால் வீழ்பவன் என்றே 'கவிதையியல்' 13ஆம் அத்தியாயம் சொல்கிறது.

எல்லாம் நம்மிடமும் உண்டு என்று ஒட்டவைப்பது

தொல்காப்பியத்தில் அழுகை ஒரு மெய்ப்பாடு (உடலில் வெளிப்படும் உணர்ச்சி), அச்சம் வேறொரு மெய்ப்பாடு. அழுகை பிறக்க இளிவு (பிறரால் இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (முன்னைய நிலை கெட்டுத் தளர்தல்), வறுமை என நான்கு நிலைக்களன்கள். இதைக் கதார்சிஸின் தமிழ்ப்பெயர் ஆக்கினால் இரண்டும் கெடும். ஒப்பிட விரும்பினால் அந்த நான்கை வைத்துக்கொண்டு காட்சியைப் படியுங்கள்: யொகாஸ்டா தூக்கில் தொங்குவது இழவு, கண்ணைக் குத்திக்கொண்டு ஊரார் முன் ஈடிபஸ் வந்து நிற்பது இளிவு.