கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உங்கள் வார்டு சிஸ்டரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும், உடம்புக்கு எது வந்தாலும் பொள்ளாச்சிக்குத்தான் பஸ் ஏறுகின்றன. அப்பாவின் பிரஷர் மாத்திரைக்குக்கூட ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எல்லை தாண்டுகிறார்கள். உங்கள் பஞ்சாயத்து வார்டைப் பார்த்துக்கொள்ள அரசு சம்பளம் கொடுத்து ஒரு நர்ஸை வைத்திருக்கிறது. அவரைத் தேடிப் பிடிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன். காய்ச்சலோடு அலைவதற்குப் பதில், உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

யாரைத் தேடுகிறோம்?

அமெரிக்காவின் சிற்றூர்களில் குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் பார்க்கும் ஃபேமிலி நர்ஸ் பிராக்டீஷனர்கள் உண்டு. நர்ஸிங்கில் முதுநிலைப் படிப்பும் தேர்வும் முடித்தவர்கள். மருந்துச் சீட்டு எழுதுவார்கள். சில மாநிலங்களில் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே கிளினிக் நடத்தலாம். நம் கிராமங்களில் அப்படியொரு பதவி கிடையாது. அந்த வேலையில் ஒரு பகுதி இங்கே மூன்று பேரிடம் பிரிந்து கிடக்கிறது.

கர்ப்பிணிகள், குழந்தைகள், தடுப்பூசி, வீடு வீடாகப் போவது எல்லாம் ஜே.பி.எச்.என். எனப்படும் ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸின் பொறுப்பு. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் செய்யும் வேலைதான். சப் சென்டரில், அதாவது துணை சுகாதார நிலையத்தில், உட்கார்ந்து பிரஷர், சர்க்கரை பார்ப்பவர் எம்.எல்.எஸ்.பி. எனப்படும் மிட் லெவல் சர்வீஸ் புரொவைடர்; அவரும் நர்ஸ்தான். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தேடி வருபவர் பாலியேட்டிவ் நர்ஸ். மூவரையும் ஊரில் ‘சிஸ்டர்’ என்றே கூப்பிடுவதால், யாரிடம் எதைக் கேட்பது என்று புதியவர்கள் திணறுவது இயல்பு.

படி 1: வார்டு எண்

வீட்டு வரி ரசீதில் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வாசலில் அடித்திருக்கும் பழைய தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். 2025 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் கேரளத்தில் வார்டுகளைத் திருத்தி அமைத்தார்கள்.

படி 2: ஆஷாவைப் பிடியுங்கள்

பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டால், ஆஷா எனப்படும் ஊர் சுகாதாரப் பணியாளரின் வீட்டைக் கைநீட்டிக் காட்டுவார். சுமார் ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா என்பது கணக்கு. பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். இந்தப் பக்கம் தமிழ் பேசுவார். “அக்கா, நாங்கள் வார்டுக்குப் புதிது. நமக்கு எந்த சப் சென்டர்? சிஸ்டர் எந்த நாள் அங்கே இருப்பார்?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

படி 3: நாள் பார்த்துப் போங்கள்

சமவெளியில் சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒரு சப் சென்டர் என்பது அரசின் அளவுகோல். அதாவது ஒரே சிஸ்டர் பல வார்டுகளைச் சுற்றுகிறார். கதவு பூட்டியிருந்தால் வேலைக்கு வரவில்லை என்று திட்டாதீர்கள். எங்கோ ஒரு வீட்டுத் திண்ணையில் பிரஷர் பார்த்துக்கொண்டிருப்பார். புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்கு அவரைப் பிடிப்பது எளிது. ஊசி போடும் இடம் சப் சென்டரா, குடும்ப சுகாதார மையமா (டாக்டர் இருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையம்) என்று மட்டும் ஆஷாவிடம் முன்பே கேட்டுவிடுங்கள். குழந்தைக் கூட்டம் கலைந்தபிறகு போனால் நிதானமாகப் பேசலாம்.

ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், குழந்தையின் தடுப்பூசி அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தமிழ்நாட்டு அட்டையாக இருந்தாலும் போட்ட ஊசிகள் கணக்கில் வரும்; முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள். சாப்பிடும் மாத்திரையின் அட்டையும் வேண்டும். கடையில் நாலு நாலாக வெட்டி வாங்குபவர்கள் கவனியுங்கள்: பெயரும் மில்லிகிராமும் அச்சிட்ட ஓரம் போய்விட்டால், மிச்சமிருக்கும் வெள்ளித்தாளைப் பார்த்து எந்த சிஸ்டராலும் எதுவும் சொல்ல முடியாது. பெயர் இருக்கும் பக்கத்தைக் கடைசியில் பிரியுங்கள்.

படி 4: எதைக் கேட்கலாம்?

பிரஷர், சர்க்கரைப் பரிசோதனை, டாக்டர் ஏற்கெனவே எழுதிய மாத்திரையைத் தொடர்வது, கர்ப்பகாலப் பதிவு எல்லாம் கேட்கலாம். புதிய நோய்க்குப் புதிய மருந்து எழுதித் தரச் சொல்லாதீர்கள். அது டாக்டரின் வேலை. தேவைப்பட்டால் அரசின் இ-சஞ்சீவனி சேவை வழியாக டாக்டரிடம் வீடியோவில் பேச முடியுமா என்று விசாரிக்கலாம். கேரளத்தின் ‘திசா’ சுகாதார உதவி எண் 1056. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் சிஸ்டரைத் தேடாமல் 108ஐ அழையுங்கள்.

தாய்வீட்டில் பிரசவம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தாய்வீடு பொள்ளாச்சி, உடுமலை என்று எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால், அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடமும் காலத்தோடு பதிந்து பிக்மி எண் (தமிழ்நாட்டின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். ஒன்பதாம் மாதத்தில் இதற்காக அலைவது கொடுமை.

படி 5: வீட்டில் படுக்கையாக இருப்பவர் உண்டா?

இந்த விஷயத்தில் கேரளத்தைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். 2008இல் வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே வகுத்த மாநிலம். பஞ்சாயத்துதோறும் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடி வந்து படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவார், சிறுநீர்க் குழாயை மாற்றுவார், கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டின் நகலோடு குடும்ப சுகாதார மையத்திலோ வார்டு மெம்பரிடமோ பெயரைக் கொடுங்கள். பக்கவாதம் வந்தவரை மாதந்தோறும் டாக்சியில் தூக்கிப் போகும் குடும்பங்களுக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஏஜென்சி மூலம் ‘ஹோம் நர்ஸ்’ வைப்பது வேறு கதை. அப்படி வருபவர்களில் பலர் நர்ஸிங் படித்தவர்கள் அல்லர்; குளிப்பாட்ட, ஊட்டிவிட நல்ல துணை, அவ்வளவுதான். ஊசி போடவோ குழாய் மாற்றவோ ஆள் வேண்டுமென்றால் மாநில நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தயங்கினால் வேண்டாம்.

சிஸ்டர் பணியிடமே காலி என்றால்?

அதுவும் நடக்கும். குடும்ப சுகாதார மையத்துக்குப் போய், உங்கள் சப் சென்டரின் பொறுப்பு இப்போது யாரிடம் என்று கேளுங்கள். பக்கத்து சிஸ்டரிடம் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். சிஸ்டர்களுக்கு இடமாறுதலும் வரும். ஆகவே போனில் சிஸ்டர் எண்ணோடு ஆஷா எண்ணையும் சேர்த்துப் பதிந்துவையுங்கள். உள்ளூர்க்காரரான ஆஷாவைக் கேட்டால் புதிதாக வந்திருப்பவர் யார் என்று சொல்லிவிடுவார்.