மானியத்தில் சாண எரிவாயுக் கலன்: சென்னைப் புறநகரில் முதல்முறை கட்டுவோருக்கு

சோழவரம் பக்கம் எங்கள் சித்தி வீட்டுக் கொட்டகையில் ஐந்து மாடுகள். சாணமெல்லாம் எருக்குழிக்குப் போகும்; சித்தி சிலிண்டரை மிச்சம் பிடிக்க விறகடுப்பை ஊதி ஊதிக் கண் கலங்கி நிற்பார். இன்று அந்தச் சாணத்தில்தான் அங்கே உலை கொதிக்கிறது. மானியம் அரசுடையது, கட்டுமானம் தனியார் ஒப்பந்தக்காரருடையது, தினமும் கரைத்து ஊற்றுவது வீட்டாருடையது. இதில் ஒருவர் கைவிட்டாலும் கலன் வெறும் தொட்டிதான்.

முதலில் சாணத்தை நிறுங்கள். மாட்டை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். மேய்ச்சலுக்குப் போகும் மாடு பாதியை வழியிலேயே போட்டுவிடும். ஒரு வாரம் கொட்டகையில் அள்ளியதை மட்டும் எடை போடுங்கள். 1 கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். தினம் 2 கன மீட்டர் (2,000 லிட்டர்) வாயு தரும் கலனுக்கு தினம் 50 கிலோ வேண்டும். நாலைந்து பேர் சமையலுக்கு அது போதும். 30 கிலோதான் தேறுகிறதா, 1 கன மீட்டரோடு நிறுத்துங்கள்.

அடுத்தது மானியம். மத்திய அரசு 2022 நவம்பரில் அறிவித்த தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தில், சிறிய கலன்களுக்கு அளவைப் பொறுத்து ரூ.9,800 முதல் ரூ.70,400 வரை வைத்தார்கள். அந்தக் கட்டம் 2025-26 வரைக்குமானது. அதனால் இந்த ஆண்டு ஒதுக்கீடு உண்டா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்ட பிறகே பள்ளம் தோண்டுங்கள்.

ஒப்பந்தக்காரரிடம் 5 ஆண்டு இலவசப் பராமரிப்பை எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்குக் கட்டியவர் வாய்வார்த்தையோடு விட்டார். வால்வு கசிந்தபோது போனை எடுக்கவே இல்லை. கடைசித் தவணையை அடுப்பு எரிவதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இடம் வெயில் படுவதாக, சமையலறைக்குப் பக்கமாக, கிணற்றுக்குத் தள்ளி இருக்கட்டும். நம் பக்கம் ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். எனவே சித்திரை, வைகாசியிலேயே குழி வேலையை முடியுங்கள். கடற்கரையோரமானால் வாயு சேரும் இரும்பு டிரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஃபைபர் டிரம் கேளுங்கள்.

இனிக் கரைசல். சாணமும் தண்ணீரும் சம அளவு. வைக்கோல், கல்லைக் கையாலேயே துழாவி எடுங்கள். கரைசல் தோசை மாவு போல ஒழுக வேண்டும். வேறொரு கலனிலிருந்து இரண்டு குடம் பழைய கரைசல் கிடைத்தால் உறை ஊற்றுவதுபோல் சேருங்கள், வாயு சீக்கிரம் பிடிக்கும். முதலில் சேரும் வாயு சரியாக எரியாது. அதில் காற்று கலந்திருக்கும், வெடிக்கவும் கூடும். அருகில் நெருப்பே இல்லாமல் திறந்தவெளியில் வெளியேற்றுங்கள். பிறகு தினமும் ஊற்றுங்கள். பினாயில், சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது, நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

சிலிண்டர் அடுப்பு இதற்கு ஆகாது, சாண எரிவாயு அடுப்பையே வாங்குங்கள். சுடர் வெளிர்நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. முதல் நாள் சித்தி அணைந்துவிட்டதென்று நினைத்துக் கையை நீட்டி, சூடு பட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார். குழாயில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். திறந்துவிடாவிட்டால் சுடர் துள்ளும்.

வெளியே வழியும் கரைசலைத் தண்ணீர் கலந்து வாழைக்கோ கீரைப் பாத்திக்கோ பாய்ச்சுங்கள்.