மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து அமெரிக்கச் சிறு கல்லூரிக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்கு

உயர்தரத்தில் எடுத்த பிரிவைக் கட்டுநாயக்காவிலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், அயோவாவின் கிரினல், ஒஹாயோவின் ஓபர்லின் போன்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் உங்கள் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எது என்பதைப் பொதுவாக இரண்டாம் வருட முடிவுக்குள் சொன்னால் போதும். அதுவரை பௌதிகத்தோடு வரலாறும் மெய்யியலும் சேர்த்துப் படிக்கலாம். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்குப் பயந்து படித்த பழக்கத்தில், முதல் செமஸ்டரிலேயே நான்கு விஞ்ஞானப் பாடங்களை அள்ளிப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கட்டுரை எழுத வேண்டிய பாடம் ஒன்றாவது இருக்கட்டும். இங்கே பிழைப்பதற்கு எழுத்துத்தான் வேண்டும்.

முதல் வகுப்பிலேயே சிலபஸ் தருவார்கள். அதை வடிவாக வாசியுங்கள். எந்தக் கிழமை எந்த நூலில் எத்தனை பக்கம், கட்டுரை எந்தத் திகதி, பிந்தினால் எவ்வளவு வெட்டு என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பக்கம்வரை போனால், வகுப்பில் கதைப்பதற்கென்று மொத்தப் புள்ளியில் 10 வீதமோ 20 வீதமோ ஒதுக்கியிருப்பதையும் பல பாடங்களில் காண்பீர்கள். எங்கள் பிள்ளைகள் அடிவாங்குவது இந்த இடத்தில்தான். ஊரில் டியூட்டரி மண்டபம் நிறைய இருந்தோம், சேர் சொல்லச் சொல்ல நோட்ஸ் எழுதினோம், பாஸ் பேப்பர் செய்தோம். வாய் திறக்காத பிள்ளைக்கு ‘நல்ல பிள்ளை’ என்று பெயர். இங்கே ஒரு மேசையைச் சுற்றிப் பதினைந்து, இருபது பேர். பேசாமல் இருந்தால் வாசிக்காமல் வந்திருக்கிறார் என்றே நினைப்பார்கள். எல்லாம் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் இதனால் மட்டும் ‘பி’ எடுத்ததைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். வாசிக்கும்போதே பக்க ஓரத்தில் ஒரு கேள்வியைக் குறித்து வைத்து, வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடுங்கள். பிந்தப் பிந்தப் பயம் கூடும்.

ஆபீஸ் அவர்ஸ் என்று ஒவ்வொரு பேராசிரியரும் கிழமைதோறும் சில மணித்தியாலம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பார். அது உங்களுக்கான நேரம். அதிபர் அறைக்குக் கூப்பிட்டது போல நடுங்கத் தேவையில்லை. சிறு கல்லூரியில் உங்கள் கட்டுரையைத் திருத்துபவரும் அவர்தான், நாளைக்கு மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதப்போகிறவரும் அவர்தான். இரண்டாம் கிழமையே போங்கள். “ஒன்றும் விளங்கவில்லை” என்று நிற்காமல், “இந்தப் பந்தியை நான் இப்படி விளங்கிக்கொண்டேன், சரியா?” என்று கேளுங்கள். மறுகா பார்ப்பம் என்று விட்டால் செமஸ்டரே முடிந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாலும் வாய் வராவிட்டால் ‘புரொபெசர்’ என்று அழையுங்கள், யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதி ஊரில் புள்ளி வாங்கியிருப்போம். இங்கே பிறர் வசனத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிடாமல் எழுதினால் அது களவு. பாடம் ஃபெயிலாகலாம், ஒழுக்காற்று விசாரணைக்கும் போகலாம். சந்தேகம் இருந்தால், கட்டுரை எழுத உதவும் ரைட்டிங் சென்டருக்குப் போங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அங்கே வரிசையில் இருப்பார்கள்.

விசா விஷயத்தில் விளையாட வேண்டாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முழுநேர மாணவராக இருந்தாக வேண்டும். ஒரு பாடத்தை விடுவதால் அந்த அளவுக்குக் கீழே போவீர்கள் என்றால், விட முதலே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். தவணை நடக்கும்போது கல்லூரிக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். நூலகம், சாப்பாட்டு மண்டபம் எல்லாவற்றிலும் கிடைக்கும். நியூ ஜேர்சியில் மாமாவின் கடையில் கைக்காசுக்கு நிற்பது விசா விதியை மீறுவது, மாமா எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் சரி. ஒரு சதம் உழைக்காவிட்டாலும் அடுத்த வருடம் அமெரிக்க வரித் திணைக்களத்துக்கு (ஐ.ஆர்.எஸ்.) 8843 படிவம் அனுப்ப வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பெரிதாகக் கவலைப்படாதீர்கள். வீட்டு மிளகாய்த்தூள் ஒரு பை இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். விடுதிக் குசினியில் கடுகு தாளிக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரம் அடித்தால் கட்டடம் முழுவதும் வெளியே வந்து குளிரில் நிற்கும். அறைக்குள் ஊதுபத்தி, விளக்குக் கொளுத்தப் பெரும்பாலும் விடமாட்டார்கள். மின்விளக்கு ஒன்றை வைத்துக் கும்பிடுங்கள்.

டிசம்பரில் பல கல்லூரிகள் விடுதியையும் சாப்பாட்டு மண்டபத்தையும் மூடிவிடும். அறையில் தங்க முடியுமா என்று ஒக்டோபரிலேயே கேட்டு, விண்ணப்பம் இருந்தால் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். முடியாது என்றால் உறவுக்காரர் வீட்டுக்குப் போகும் பஸ் டிக்கெட்டை அப்போதே எடுத்தால் மலிவு.