பாகம் பாகமாக வரும் பெரிய ரேஸ் கார் மாடல்: வடசென்னையில் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்பதுகள் வரை சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்தது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத்தில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. ரேஸ் ஆசை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. அந்த ஆசையில், மாதச் சந்தா கட்டிப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கும் பெரிய மாடல் காரைக் கட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வகை கிட்டில் செய்யும் தப்பு அன்றைக்கே தெரியாது. மூன்றாம் மாதம் கியர்பாக்ஸைக் கொஞ்சம் கோணலாக மாட்டியிருப்போம். அதன்மேல் எஞ்சின், ரேடியேட்டர், பாடி எல்லாம் ஏறியபின், கடைசி மாதத்தில் பின் இறக்கை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அப்போது பிரிக்க மனசு வராது. எனவே இதில் கைத்திறமையைவிடப் பொறுமையும் முன்யோசனையும்தான் முக்கியம்.

முதலில் பணக்கணக்கு. முதல் பாகத்தை, அதாவது முதல் தவணைப் பாக்கெட்டை, ஏறக்குறைய இனாம் விலைக்குத் தருவார்கள். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெரிய கிட்கள் பலவும் நூறு பாகத்தை ஒட்டி வரும். ஒரு பாகத்தின் முழு விலையை அந்த எண்ணிக்கையால் பெருக்கி, தபால் செலவையும் கஸ்டம்ஸ் வரியையும் சேர்த்துப் பார்த்த பிறகு ஆரம்பியுங்கள். நிறுவனமே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. 2022-இல் ஈகிள்மாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் மூடியபோது, அதன் சந்தாதாரர்கள் பலர் பாதி கட்டிய மாடலோடு நின்றார்கள். எல்லாப் பாகமும் வெளிவந்து முடிந்த ஒரு கிட் முழு செட்டாகக் கிடைத்தால், கையிலிருந்து ஒரேயடியாகப் பணம் போனாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

மாதாமாதம்தான் வாங்குகிறீர்கள் என்றால், வந்த பாக்கெட்டைப் பிரிக்காமல் பரணில் போட்டுவைக்கக் கூடாது. அன்றே பிரித்து, பட்டியலோடு ஒப்பிட்டு, குறைந்ததை உடனே கேட்டு வாங்குங்கள். தாமதித்தால் புகார் கொடுக்கும் கெடு தாண்டிவிடும். ஆனால் பிரித்த அன்றே பூட்டவும் வேண்டாம். மூன்று நான்கு பாகத்துக்கான குறிப்பைச் சேர்த்துப் படித்துவிட்டு, பசையோ ஸ்க்ரூவோ இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, அப்புறம் பூட்டுங்கள்.

அதிகம் பேர் தடுமாறும் இடம் ஸ்க்ரூ. உலோகத்தில் போகும் ஸ்க்ரூவும் பிளாஸ்டிக்கில் போகும் ஸ்க்ரூவும் வேறு வேறு. முதலாவதற்கு மரை நெருக்கமாக இருக்கும். இரண்டாவதற்கு அகலமாக இருக்கும், அது துளையைத் தானே வெட்டிக்கொண்டு இறங்கும். மாற்றிப் போட்டால் பிளாஸ்டிக் விரியும், இல்லை உலோகத்தில் ஸ்க்ரூ பாதியில் சிக்கித் தலை உடையும். கிட்டில் ஒவ்வொரு வகைக்கும் எழுத்துக் குறி இருக்கும். அந்தக் குறியை எழுதி ஒட்டிய சின்ன டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டுவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டினால் 2 மி.மீ. ஸ்க்ரூவுக்கும் 1.7 மி.மீ. ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

டை-காஸ்ட் பாகங்களின் (அச்சில் வார்த்த உலோகப் பாகங்களின்) துளையில் பெயின்ட் அடைத்திருக்கும். ஸ்க்ரூவை நேராக முழுக்க முறுக்காமல், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று நகர்த்தி முதலில் வழி உண்டாக்க வேண்டும். நுனியில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஆசாரிகள் சோப்பு தேய்ப்பதைப் பார்த்து நாமும் செய்யக் கூடாது. சோப்பு ஈரத்தை இழுத்து ஸ்க்ரூவைத் துருவாக்கும். ஸ்க்ரூ உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். இன்னொரு முறுக்கு என்ற ஆசையில்தான் மரை போகும். கிட்டோடு தரும் ஸ்க்ரூடிரைவர் பெரும்பாலும் மிருதுவான இரும்பு, அதைத் தள்ளிவைத்துவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள். தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதில் பாரிமுனையில் வேறு வாங்கினால், தடிமனோடு நீளத்தையும் அளந்து வாங்குங்கள். 1 மி.மீ. கூடினாலும் உள்ளிருந்து பாடியை முட்டி, வெளிப்பக்கம் பெயின்ட்டை எழுப்பிவிடும்.

அடுத்து நம் காற்று. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதே உப்புக்காற்றுதான் மாடலின் ஸ்க்ரூவையும் பெயின்ட் இல்லாத உலோகத்தையும் தாக்குகிறது. கை வியர்வையிலும் உப்பு உண்டு. உலோக பாகத்தை மெல்லிய கையுறையோடு எடுங்கள்; மிச்சப் பாகங்களை சிலிக்கா ஜெல் பையோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.

ஃபெவிக்விக் மாதிரியான பசைகள் ஈரத்தால்தான் இறுகுகின்றன. புழுக்கமான நாளில் பாகத்தை நேராக்குவதற்குள் பிடித்துக்கொள்ளும். அதன் ஆவி பக்கத்தில் வெள்ளைப் பொடியாகவும் படியும். காற்றுத்தடுப்புக் கண்ணாடி போன்ற தெளிவான பாகத்துக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது.

பெயின்ட் ஸ்ப்ரே செய்யப் போகிறீர்களா? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலத்தில் வேண்டாம். ஈரம் ஒட்டி, பளபளப்பு போய்ப் பூஞ்சை பூத்தாற்போல் வெளுக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காலை நேரம் நல்லது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் மொட்டைமாடித் தூசியெல்லாம் ஈரப் பெயின்ட்டில் வந்து உட்காரும். மாஸ்க் கட்டாயம்.

தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர் விஷயத்தில் பலர் கவனிக்காதது அந்தத் தண்ணீர். போர் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினால், காய்ந்தபின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகத் தங்கும். மீஞ்சூர் வரை நிலத்தடிநீரில் கடல்நீர் ஏறியிருக்கும் பகுதி இது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கிவையுங்கள். பளபளப்பான பரப்பின் மேல் ஒட்டுங்கள். சொரசொரப்பான பரப்பில் அடியில் காற்று நின்று வெள்ளி நிறமாகத் தெரியும்.

1988-இல் 16 ஃபார்முலா 1 ரேஸில் 15-ஐ வென்ற மெக்லாரன் எம்பி4/4 காரை டி அகோஸ்டினி நிறுவனம் 1:8 அளவில், அதாவது நிஜக் காரில் எட்டில் ஒரு பங்காக, கிட்டாக விட்டது. செனாவும் ப்ராஸ்ட்டும் ஓட்டிய கார் அது. அந்தக் காலத்துக் கார்களின் சிகரெட் விளம்பரங்கள் இத்தகைய கிட்களில் பெரும்பாலும் இருக்காது. அந்த விளம்பர ஸ்டிக்கர்களை வேறு இடத்தில் வாங்க வேண்டும் என்றால், பாடியை மேற்பூச்சு பூசி முடிப்பதற்குள் வாங்கிவிடுங்கள்.

அதே கார் 1:8-இல் சுமார் 55 செ.மீ. நீளம் வரும். நம் வீடுகளில் அதற்கு இடம் எங்கே என்று முன்பே பாருங்கள். ஜன்னல் வெயில் பட்டால் ஸ்டிக்கர் மஞ்சளாகும். ரப்பர் டயரின் மீது மாதக்கணக்கில் எடை நின்றால் அடிப்பக்கம் தட்டையாகும், பிளாஸ்டிக்கைத் தொட்டிருந்தால் அதை உருக்கவும் செய்யும். காரை அடியில் முட்டுக் கொடுத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்துங்கள்.

எண்ணூர், மணலி பக்கம் சாம்பலும் புழுதியும் அதிகம். மூடிய அக்ரிலிக் பெட்டியை முதல் மாதமே கணக்கில் சேர்த்துவிடுங்கள். விளக்கு உள்ள கிட் என்றால், பாடியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு பல்பையும் எரியவிட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள், கசிந்தால் உள்ளே இருக்கும் செம்பெல்லாம் பச்சை பிடித்துவிடும்.